கற்பூரத்தின் முன் சொன்னவை

“இன்றைக்கு இங்கே எது உடையக்கூடும்? யாருக்கு அடிபடக்கூடும்?”

எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டிக்கு அருகே ஓர் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையில், வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு காலையும் ஒலித்த கேள்வி இது. கேட்டவர் ஜெர்மனியிலிருந்து வந்திருந்த தலைமைப் பொறியாளர். அவருடைய ஆங்கிலத்தைத் தமிழாக்கித் தொழிலாளர்களிடமும், அவர்கள் பேச்சை ஆங்கிலமாக்கி அவரிடமும் சேர்ப்பது என் உத்தியோகம். அதற்கு முன் திருவள்ளூர் நீதிமன்றத்தில் சாட்சிகளின் வாக்குமூலங்களை மொழிபெயர்த்து வந்தேன். கூட்டாமல் குறைக்காமல் சொல்வது அங்கே பழகிய ஒழுக்கம். ஆயினும் இந்தக் கேள்வியைத் தமிழில் சொல்லும்போதெல்லாம் என் நாக்கு ஒரு கணம் தயங்கும்.

உலை மூட்டும் இடத்தில், மனைவி மக்களை வீட்டில் விட்டு வந்து நிற்பவர்களின் முகத்துக்கு நேரே, இன்று உங்களில் யாருக்கு அடிபடும் என்று கேட்பது! நான் பிறந்த வீட்டில், விளக்கை அணைக்கச் சொல்ல மாட்டார்கள், மலையேற்றச் சொல்வார்கள். வெளியே புறப்படுகிறவன் போகிறேன் என்று சொல்லக் கூடாது. வருகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். நாம் எதைச் சொன்னாலும் ‘அப்படியே ஆகட்டும்’ என்று சொல்லும் தேவதைகள் கூரையில் உலவுகிறார்கள் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கும் அதே நம்பிக்கை இருந்தது. வலையோடு படகில் ஏறுகிறவன் காதில் காற்று, சுழல் என்ற சொற்கள் விழக் கூடாது என்று அவர்கள் வளர்க்கப்பட்டிருந்தார்கள்.

ஆகையால் நான் கேட்பேன். அவர்கள் தரையைப் பார்ப்பார்கள். கடைசியில் யாரேனும் ஒருவர், “ஒண்ணும் ஆவாது சார்” என்பார். “அம்மா புண்ணியத்துல ஒண்ணும் ஆவாது” என்று மற்றவர்கள் முடித்து வைப்பார்கள். நான் அதை ஆங்கிலத்தில் சொல்வேன். பொறியாளர் தலையசைத்து, “நல்லது” என்று வேலையைத் தொடங்கச் சொல்வார். அவர்கள் வேண்டிக்கொண்டதை அவர் அறிக்கையாக எடுத்துக்கொண்டார்.

அவர் கல்நெஞ்சர் அல்லர். ஒருநாள் பகலுணவு வேளையில், அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மென்மையாகக் கேட்கலாகாதா என்று நான் விண்ணப்பித்தேன். அவர் உண்பதை நிறுத்தினார்.

“என் இளமையில், எங்கள் ஊர்த் தொழிற்சாலையில் ஒரு கொதிகலன் சரியில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. மேலாளர் என்ன நினைப்பாரோ என்ற பயம். அதற்குப் பக்கத்தில் வேலை செய்தவன் என் நண்பன். சொல்லாமல் இருந்தவர்கள் எல்லாரும் அவன் சவ அடக்கத்துக்கு வந்தார்கள். கறுப்பு உடையில், மிக ஒழுங்காக வரிசையில் நின்றார்கள்.” தட்டைத் தள்ளிவைத்து, “மென்மையாகக் கேட்க எனக்குத் தெரியாது” என்றார்.

அதற்குமேல் நான் வாதாடவில்லை. அவருடைய கேள்வியும் ஒரு சாவின் முன்னால் பிறந்ததுதான் என்று தெரிந்தபின், எந்தப் பக்கத்துக்கு நான் எந்தப் பக்கத்தை விளக்குவது?

எங்கள் வார்ப்புக் கொட்டகையின் உச்சியில் இரு பக்கத் தூண்களின் மேலும் இரும்பு உத்தரங்கள் ஓடின. அவற்றின் மீது தண்டவாளம். தண்டவாளத்தின் மீது பெரிய கிரேன். அதை ஓட்டியவன் குப்பத்து மீனவன் மகன், முப்பது வயதைத் தொட்டவன், வாய்த்துடுக்கு மிகுந்தவன். கீழே நின்று வார்ப்புகளுக்குச் சங்கிலி சுற்றிக் கொக்கி மாட்டியவன், அவனுடைய தங்கையின் கணவன். இவன் மாட்டுவான், அவன் தூக்குவான். தங்கை கட்டிக்கொடுக்கும் நாஷ்டாவை இருவரும் ஒரே தூக்குச்சட்டியிலிருந்து உண்பார்கள்.

“மாப்ள, எது கெட்டுப்பூடும்னு தொரை கேக்குறாரு பாரு. என் மாப்ள புத்தி ஏற்கெனவே கெட்டுப்பூட்ச்சுன்னு சொல்லு” என்று மேலிருந்து கத்துவான்.

“உன் தங்கச்சியக் கட்டுன அன்னிக்கே கெட்டுப்பூட்ச்சி மச்சான். எறங்கி வா, பேசிக்கலாம்” என்பான் கீழே நிற்பவன்.

“அவர்கள் என்ன சொல்கிறார்கள்?” என்று பொறியாளர் கேட்பார். “உறவினர்கள்” என்பேன். அது போதுமானதாக இருக்கும்.

அந்தக் கேள்விக்குச் சற்று முன்பு நாள்தோறும் வேறொன்று நடக்கும். கிரேனில் ஏறும் இரும்பு ஏணியின் அடியில் பெரியபாளையத்து அம்மனின் படம் மாட்டியிருந்தது. கிரேன்காரன் அங்கே கற்பூரம் ஏற்றுவான். தங்கை கணவன் குழாயிலிருந்து நீர் பிடித்து வாசற்படியில் தெளித்துக்கொண்டிருப்பான். மற்றவர்கள் கும்பிட்டு நிற்பார்கள். திருவள்ளூர்ப் பெருமாள் சந்நிதியில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் வளர்ந்தவன் நான். வார நாட்களில் கவரைப்பேட்டையில் வாடகை அறையில் இருந்து, சனிக்கிழமை ஊர் திரும்புவேன். என் நெற்றித் திருமண்ணைப் பார்த்து அவர்கள் என்னைச் ‘சாமி’ என்று அழைத்தார்கள். அந்த அழைப்புக்குக் கட்டுப்பட்டு நானும் அங்கே நின்றேன். பொறியாளர் மட்டும் வாசலுக்கு வெளியே காத்திருப்பார். பிறர் வழிபாட்டில் அயலான் நுழையலாகாது என்பது அவர் காட்டிய மரியாதை.

கிரேன்காரனின் வேண்டுதல் எப்போதும் ஒன்றுதான்: “அம்மா, ஏத்துனது எறங்கணும், போனது திரும்பணும், அல்லாரும் ஊடு போயி சேரணும்.” மனப்பாடமான தோத்திரம்போல அது ஓடும். நானும் கவனிப்பதை விட்டிருந்தேன்.

மழைக்காலம் முடிந்து, ஏரிப்பக்கத்து உப்புக்காற்று தகரச் சுவர்களில் வெள்ளையாகப் படியத் தொடங்கிய ஒரு காலையில், அந்த வேண்டுதல் மாறியது.

“அம்மா, என் தங்கச்சி மஞ்சா நெலைக்கணும்.”

அவ்வளவுதான். தாழ்ந்த குரல். பக்கத்தில் நின்ற என் காதில் மட்டும் விழுந்திருக்கும். மறுநாளும் அதுவே. அதற்கு மறுநாளும் அதுவே. சுமங்கலியின் மஞ்சள் நிலைக்க வேண்டும் என்பது நாம் வாழ்த்தாகச் சொல்வது. திருமண வீட்டில் கேட்டால் இனிக்கும். இரும்பு ஏணியின் அடியில் கேட்டபோது இனிக்கவில்லை.

அதன்பின் மற்றவையும் கண்ணில் படத் தொடங்கின. கிரேன்காரன் மேலிருந்து கேலி செய்வது நின்றுபோயிருந்தது. ஒரே தூக்குச்சட்டியிலிருந்து உண்பதும் நின்றுபோயிருந்தது. பசியில்லை என்று வெளியே போய்விடுவான். தங்கை கணவனின் கையில் புதிதாக ஒரு தாயத்து தெரிந்தது. “மச்சான் குடுத்தாரு சாமி, கட்டிக்கினே ஆவணும்னு ஒரே பேஜாரு” என்று சிரித்தான். அவனுக்கு எதுவும் தெரியவில்லை.

ஒரு மாலையில் கவரைப்பேட்டை ரயில் நிலையத்துக்கு எதிரிலுள்ள தேநீர்க் கடையில் கிரேன்காரனைத் தனியாகப் பிடித்தேன்.

“உன் வேண்டுதல் மாறிவிட்டதே, அப்பா?”

தம்ளரைக் கீழே வைத்தான். “காதுல வுழுந்துச்சா?”

“விழுந்தது. கிரேனில் ஏதாவது கோளாறா?”

“சாமி, நீங்க படிச்சவங்க. கோயில்ல பாட்டுப் படிக்கிறவங்க. என் வாயால இன்னாத்த சொல்லச் சொல்றீங்க? கீழ நிக்கிறது யாரு? அவன் தலமேல நான் சொம தூக்கிக்கினு போறேன். அது வுழும்னு நானே சொன்னா, யாரு தாலிய நான் பேசுறேன்?”

“சொல்லாவிட்டால்?”

“நாலாவது தூணாண்ட போவ சொல்ல, வண்டி லேசா குனியிது. படகு ஓரமா சாயும் பாருங்க, அப்படி. மெய்யோ, என் பயமோ, தெரியல. கண்டுக்காதீங்க சாமி. நான் ஒண்ணும் சொல்லல.” எழுந்து போய்விட்டான்.

மறுநாள் காலை பொறியாளரிடம் சொன்னேன். சொல்வதற்கு நான் பட்ட பாடு கொஞ்சமன்று. மஞ்சள் என்றால் என்ன, அது ஒரு பெண்ணின் கழுத்தில் எதைக் குறிக்கிறது, தமையன் தன் வாயால் எதைச் சொல்லலாகாது என்பதையெல்லாம் ஆங்கிலத்தில் விரித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும், தாம் அறிந்த நேர்மையான வழியில் இறங்கினார். எல்லாரையும் கூட்டினார். கிரேன்காரனை முன்னால் அழைத்தார்.

“நாலாவது தூணருகே கிரேன் சாய்கிறதா? அஞ்சாதே. உண்மையைச் சொல்.”

நான் மொழிபெயர்த்தேன். கிரேன்காரன் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு இரண்டடி தள்ளித் தங்கை கணவன், சங்கிலியைத் தோளில் போட்டு, என்ன செய்தி என்று ஆவலாக நின்றிருந்தான்.

“ஒண்ணும் ஆவாது சார்.”

“உறுதியாகவா?”

“அம்மா மேல ஆணையா, ஒண்ணும் ஆவாது.”

கூட்டம் கலைந்தது. பொறியாளர் என் பக்கம் திரும்பினார். “நீங்கள் ஒன்று சொல்கிறீர்கள். அவன் எல்லார் முன்னும், தன் தெய்வத்தின் பேரில், வேறொன்று சொல்கிறான். நான் எதை நம்புவது?”

அன்று பகலில் ஆள் அனுப்பித் தூணைப் பார்க்கச் சொன்னார். ஏறியவன் பூச்சு அப்படியே இருக்கிறது, வெடிப்பு தெரியவில்லை என்று இறங்கிவிட்டான். அடுத்த வாரத் தொடக்கத்தில், அதுவரை வார்த்தவற்றில் மிகப் பெரிய வார்ப்பைக் கிரேன் தூக்க வேண்டியிருந்தது. சென்னையிலிருந்த நிர்வாகி தொலைபேசியில் அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார்.

அந்த இரவும் மறுநாளும் எனக்கு நிம்மதியில்லை. சனிக்கிழமை திருவள்ளூர் போனேன். அன்று அமாவாசை. கோயில் குளத்தங்கரையில், நோய் கரைய வேண்டி நீரில் வெல்லம் கரைக்க வந்த கூட்டம் நிறைந்திருந்தது. ஒருத்தியும் தன் வீட்டு நோயின் பெயரைச் சொல்லவில்லை. வெல்லத்தை நீரில் விட்டு, அது கரைவதைப் பார்த்திருந்தார்கள். உள்ளே பெருமாள் சந்நிதியில் கோஷ்டியாகப் பாசுரம் சேவித்தபோது, வழக்கமாக வாய் ஓடும் இடத்தில் மனம் நின்றது. எங்கள் ஆழ்வார்கள் எதைத்தான் சொல்லாமல் விட்டார்கள்? தொண்டையில் கோழை அடைப்பதை, சுற்றம் சூழ்ந்து அழுவதை, நமனுடைய தூதர் வந்து நிற்பதை எல்லாம் பாடிவைத்திருக்கிறார்கள். வீட்டில் சொன்னால் வாயைப் பொத்துவார்கள். சந்நிதியில் சொன்னால் அதற்கு இசையும் தாளமும் உண்டு. எதைச் சொல்கிறோம் என்பதைக் காட்டிலும் யாரிடம் சொல்கிறோம் என்பதே பெரிது. காக்க வல்லவனிடம் சொன்ன அச்சம் அமங்கலம் ஆவதில்லை.

திங்கட்கிழமை காலையில் பொறியாளரிடம் கேட்டேன்: “அவனை உங்கள் கூட்டத்துக்கு அழைத்துப் பயனில்லை. நீங்கள் அவனுடைய கற்பூரத்துக்கு வருவீர்களா?”

“வரலாமா?”

“காலணியைக் கழற்றிவிட்டு வரலாம்.”

அவர் கனத்த காலணிகளைக் கழற்றி வாசலில் வைத்தார். வெள்ளைக் கால்கள் கரித்தரையில் பட்டபோது தொழிலாளர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். “தொரைக்கு இன்னா வேண்டுதலோ” என்று யாரோ முணுமுணுக்க, மெல்லிய சிரிப்பு எழுந்து அடங்கியது. கிரேன்காரன் சிரிக்கவில்லை. கற்பூரத்தை ஏற்றினான்.

“அம்மா, என் தங்கச்சி மஞ்சா நெலைக்கணும்.”

பொறியாளருக்குச் சொற்கள் புரியவில்லை. புரியாததனால்தானோ என்னவோ, நான் அத்தனை நாளும் காணாததை அவர் கண்டார். எல்லார் கண்ணும் சுடரில் இருக்க, வேண்டுகிறவனின் கண் மட்டும் மேலே போயிற்று. நாலாவது தூணின் தலை, உத்தரம் தூணில் அமரும் இடம். அங்கே நிலைத்து, மீண்டது.

வெளியே வந்து காலணியை மாட்டிக்கொண்டே, “நான் சந்தேகப்பட்டது தப்பு. அவன் ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். நான்தான் வாசலுக்கு வெளியே நின்றேன்” என்றார்.

“அப்படியானால் கிரேனை நிறுத்திவிடுங்கள்.”

“ஒரு பிரார்த்தனையைக் காரணமாகக் காட்டி என் தலைமையகத்துக்கு என்ன எழுதுவது? தூணில் எதுவும் தெரியவில்லை. ஆனால் ஒன்று என் கையில் இருக்கிறது.”

பகலில் பெரிய வார்ப்புக்குச் சங்கிலி சுற்றிக் கொக்கி மாட்டியானதும், கீழே ஒருவரும் நிற்கக் கூடாது, எல்லாரும் சுவரோரம் போகட்டும் என்று ஆணையிட்டார். தங்கை கணவன் நகரவில்லை.

“நான் எதுக்கு சார் போவணும்? வார்ப்புக்குக் கை வெச்சி வழி காட்டுறவன் நான். இத்தன நாளா நின்னேன். இன்னிக்கு இன்னா கொற கண்டீங்க?” பத்துப் பேர் முன் தன் இடத்திலிருந்து விலக்கப்படுவது அவனுக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

என்னிடம் திரும்பினான். “சாமி, மெய்யச் சொல்லுங்க. இன்னா விசயம்?”

பொறியாளரும் என்னைப் பார்த்தார். “அவனிடம் காரணத்தைச் சொல்லுங்கள். அது அவனுடைய உரிமை.”

நீதிமன்றத்தில் பழகிய நாக்கு. சொன்னேன். “நாலாவது தூணருகே சுமை விழுந்துவிடும் என்று உன் மைத்துனனுக்கு அச்சம்.”

மேலே கிரேன் கூண்டில் இருந்தவன் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் அவன் இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டது தெரிந்தது. தங்கை கணவன் மறுபேச்சில்லாமல் சுவரோரம் வந்து நின்றான்.

வார்ப்பு எழுந்தது. கிரேன் மெல்ல நகர்ந்தது. முதல் தூண், இரண்டாவது, மூன்றாவது. நாலாவதை எட்டியபோது, மேலிருந்து நெடிய முனகல் கேட்டது. உத்தரத்தைத் தாங்கிய இரும்பு கீழிறங்கிற்று. கிரேன் ஒரு பக்கமாகச் சாய்ந்து இறுகிக்கொண்டது. வார்ப்பு ஊஞ்சல்போல ஒருமுறை ஆடி, சங்கிலியிலிருந்து நழுவி, தங்கை கணவன் நாள்தோறும் நிற்கும் இடத்தில் விழுந்தது. தரை அதிர்ந்தது. உப்பும் துருவும் கலந்த பொடி நெடுநேரம் மேலிருந்து உதிர்ந்துகொண்டிருந்தது. பூச்சுக்குப் பின்னே, மழைநீர் தங்கும் மடிப்பில், இரும்பு காகிதமாகிப் போயிருந்ததைப் பிறகு கண்டார்கள்.

ஒருவருக்கும் சிராய்ப்புக்கூட இல்லை. கிரேன்காரனை ஏணி வைத்து இறக்கினார்கள். கால் தரையில் பட்டதும் அவன் தங்கை கணவனின் முகத்தை இரண்டு கைகளாலும் தடவினான். பிறகு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் நன்றி இருக்கும் என்று எதிர்பார்த்து நின்றேன்.

“நீங்க சொன்னீங்க சாமி. அதான் வுழுந்துச்சி.”

“மச்சான், அவரு சொன்னதாலதான் நான் உசுரோட நிக்கிறேன்” என்றான் தங்கை கணவன்.

“டேய், நான் எத்தினி நாளா ஓட்டிக்கினு இருந்தேன்? வுழுந்துச்சா? அம்மாகிட்ட மட்டும் சொல்லிக்கினு இருந்த வரைக்கும் அவ தாங்கிக்கினு இருந்தா. இவரு வாய்விட்டு அத்தினி பேரு முன்னால சொன்னாரு. ஒடனே எறங்கிட்ச்சி.”

சுற்றி நின்றவர்கள் மறுக்கவில்லை. வயதான உலைக்காரர் ஒருவர், “அத்த வுடுங்கப்பா, அல்லாரும் நல்லா கீறோம்” என்று கூட்டத்தைக் கலைத்தார். கலையும்போது ஒவ்வொருவரும் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நடந்ததைப் பொறியாளர் கேட்டார். சொன்னேன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அவர், “உங்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு” என்றார். அவருடைய மொழியில் அது பெரிய சொல்லாக இருந்திருக்கும்.

அந்த வாரக் கடைசியில் கவரைப்பேட்டை நிலையத்தில் அந்தத் தங்கையைக் கண்டேன். இடுப்பில் குழந்தை; கழுத்தில் புதிதாகப் பூசிய மஞ்சள். என்னை அடையாளம் கண்டதும் நின்றாள். முந்தானையை இழுத்துத் தாலியை மூடிக்கொண்டாள். பின் குழந்தையின் முகத்தை மறுபக்கம் திருப்பியபடி நடைமேடையின் கோடிக்குப் போய்விட்டாள். பெருமாளே, அவள் மஞ்சள் நிலைக்கட்டும் என்று மனத்துக்குள் சொன்னேன். வாய்விட்டுச் சொல்ல எனக்கும் அச்சமாக இருந்தது.

தூண்களைச் சீராக்கி, கிரேனை மீண்டும் ஓடவிட்ட முதல் நாள். பொறியாளர் காலணியைக் கழற்றிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். கிரேன்காரன் கற்பூரம் ஏற்றினான். உதடுகள் அசைந்தன, ஒலி வரவில்லை. அவனுக்குப் பின்னால் நின்றவர்களும் அவ்வாறே வேண்டிக்கொண்டார்கள். நான் நின்ற பக்கமாகத் தோளைத் திருப்பி, வாயைக் கையால் மறைத்துக்கொண்டவர்களும் உண்டு.

“என்ன சொல்கிறான்?” என்று பொறியாளர் மெல்லக் கேட்டார்.

“எனக்குக் கேட்கவில்லை.”

வழக்கமான கேள்வியைக் கேட்கும் நேரம் வந்தது. எது உடையக்கூடும், யாருக்கு அடிபடக்கூடும். தமிழில் சொன்னேன். “ஒண்ணும் ஆவாது சார்” என்றார்கள், என்னைப் பாராமல்.

பொறியாளர் அந்த விடைக்குத் தலையசைக்கவில்லை. அவர் பார்வை இன்னும் கிரேன்காரனின் முகத்தை விட்டு விலகவில்லை என்பதை அப்போதுதான் கண்டேன். கற்பூரம் மலையேறும் தறுவாயில் இருந்தது. கிரேன்காரனின் கண் சுடரைவிட்டு எழுந்தது. சீராக்கிய நாலாவது தூணைக் கடந்தது. அதற்கு அப்பாலுள்ளதையும் கடந்தது. உலைக்கு நேர் மேலே, புகை படிந்து இருண்டிருந்த எங்கோ ஓரிடத்தில் நிலைத்தது. பொறியாளரும் நானும் அங்கே நிமிர்ந்து பார்த்தோம். உத்தரங்கள் அங்கே பல இருந்தன.